சுவரில் வந்த வாத்து

சுவரில் வாத்து வந்துவிட்டது என்று விஸ்ஸா வந்து சொன்னபோது நான் மலையைக் குடைந்த பழங்காலக் கல்லறையின் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். யார் வீட்டு வாத்தோ உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்துக் கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"கம்பு எதுக்குப்பா? அது மூவாயிரத்துச் சொச்சம் வருஷமா அங்கேயேதான் உக்காந்திருக்கு," என்றான்.

விஸ்ஸா சுவரோவியங்களைத் துடைத்துச் சுத்தம் செய்கிறவன். நக்காதா ஊர்க் கிறிஸ்தவன். குச்சியில் பஞ்சைச் சுற்றி, மருந்தில் தோய்த்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் இடம் துடைப்பான். வாய் மட்டும் ஒரு நாளைக்கு ஊர் முழுக்கத் துடைத்துவிடும். நான் காவல்காரன். பெயர் ஹஸபல்லா. எகிப்தில் இந்தக் குர்ணா மலையில் இந்த ஒரே கதவின் சாவி முப்பத்தோரு வருஷமாக என் இடுப்பில்தான் கிடக்கிறது.

உள்ளே போய்ப் பார்த்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு காலத்தில் இந்தக் கல்லறைக்குள் ஒரு குடும்பம் ஆடுகளோடு குடியிருந்தது. அவர்கள் அடுப்புப் புகை இடப்பக்கச் சுவர் முழுவதும் ஏறிக் கரிப்பிடித்துப் போயிருந்தது. அந்தக் கரிக்குள் மண்டியிட்டிருந்த ஒரு ஆளின் கொஞ்ச இடம் மட்டும் தெரியும். தலை, தோள், நெஞ்சோடு ஒட்டிய இடது கை முஷ்டி, மேலே தூக்கிய வலது கையின் முழங்கை வரை, கீழே மடங்கிய பாதம். மிச்சமெல்லாம் கறுப்பு. இப்போது விஸ்ஸா அந்தக் கறுப்பைத் துடைத்துவிட்டான். அந்த ஆளின் இரண்டு தொடைக்கு நடுவே கொழுத்த வாத்து ஒன்று உட்கார்ந்திருந்தது. தூக்கிய கை அதன் கழுத்தை நீட்டிப் பிடித்திருந்தது. நெஞ்சிலிருந்த முஷ்டிக்குள் மாவுருண்டை. ஆள் வாத்துக்குத் தீனி திணித்துக்கொண்டிருக்கிறான்!

"என்னப்பா முழிக்கிற? எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கான் பாரு. வாத்து மூஞ்சியைப் பாரு, போதும்டா சாமின்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றான் விஸ்ஸா.

"விஸ்ஸா, நாளை மறுநாள் டெல்ஃபின் அம்மா வருது."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. டெல்ஃபினை அவனுக்கும் தெரியும். இந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

டெல்ஃபின் டெட்ராய்டிலிருந்து வருகிற கறுப்பினப் பெண்மணி. எங்கள் கோயில் சுவர்களிலும் கல்லறைச் சுவர்களிலும் இருக்கிற ஆட்கள் நிற்கிற விதம், உட்காருகிற விதம் எல்லாவற்றையும் எடுத்து, எகிப்திய யோகா என்று சொல்லித் தருகிறார். எங்கள் முன்னோர்கள் யோகா செய்தார்களா என்று என்னைக் கேட்டால் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. என் அப்பா காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் டெல்ஃபினின் ஆசனங்களில் தலையாயது ஒன்று இருக்கிறது. மண்டியிட்டு, இடது முஷ்டியை நெஞ்சில் வைத்து, வலது கையை உள்ளங்கை விரியத் தூக்குவது. அதற்கு அவர் வைத்த பெயர் 'அழைப்பு'. தினமும் விடியலில் அதைச் செய்கிறார். பதினைந்து வருஷமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. அதைச் சொல்லிக்கொடுத்த மகானுபாவன் வேறு யாருமில்லை, நான்தான்.

எங்கள் பிழைப்பு அப்படி. வருகிறவர்களுக்குச் சுவரைக் காட்டினால் மட்டும் போதாது, சுவரில் இருக்கிற மாதிரி நாமும் செய்து காட்ட வேண்டும். கொக்கு என்றால் கொக்காக நிற்போம், வலை வீசுகிறவன் என்றால் வீசுவோம். அவர்கள் சிரித்துப் படமெடுத்துக்கொள்வார்கள். அந்தக் கரிப்பிடித்த ஆளையும் நான் செய்து காட்டுவேன். கண்ணுக்குத் தெரியாத மிச்சத்தை என் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வேன். யார் கேட்கப் போகிறார்கள்?

டெல்ஃபின் முதல் தடவை தனியாக வந்தார். வெளியே வெயில் கொளுத்துகிற மத்தியானம். உள்ளே வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, தரையில் உட்கார்ந்து அழுதார். சத்தமே இல்லாத அழுகை. கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். இருபத்திரண்டு வயதுப் பையன். பெயர் லியோன். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவன், காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டதாம்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பத்து வார்த்தை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். சுவரில் இருந்த ஆளைக் காட்டி, அவன் மாதிரியே மண்டியிட்டு, கையைத் தூக்கினேன். "பெத்தவங்க. பையனைக் கூப்பிடுறாங்க. பையனுக்குக் கேக்கும்," என்றேன். அவ்வளவுதான். அவர் என்னையே பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மண்டியிட்டார். அவரும் கையைத் தூக்கினார். அப்படியே அரைமணி நேரம் இருந்தார். எழுந்தபோது முகம் வேறாக இருந்தது.

சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்தக் கை எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின கோடையில்தான் எங்கள் பையன் ஷஹாத்தா வாய்க்காலில் போனான். ஒன்பது வயது. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு தங்கவில்லை. அதனால் கண் படாமலிருக்கட்டும் என்று, பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை என்று பொருள்படும்படி அந்தப் பெயர் வைத்தோம். பிச்சையாக வாங்கியதும் பறிபோய்விட்டது. இரண்டு நாள் தேடினோம். நாங்கள் ஆண்கள் தண்ணீருக்குள் கழிகளோடு நின்றோம். என் மனைவி ஃபாயிகா எதிர்க்கரையில் மண்டியிட்டிருந்தாள். இடது கை முஷ்டி நெஞ்சில். வலது கை மேலே. பெண்கள் பிடித்து இழுத்தும் அவள் அந்தக் கையை இறக்கவில்லை. அவனை எடுத்த பிறகுதான் இறக்கினாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அவன் பேச்சே கிடையாது. எங்கள் ஊரில் தலைப்பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அப்பனைக் கூப்பிடுவார்கள். நான் அபூ ஷஹாத்தா, ஷஹாத்தாவின் அப்பன். அவனைப் புதைத்த அன்றிலிருந்து யாரும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை. ஃபாயிகாகூட "இந்தாங்க", "ஏங்க" என்று மாறிவிட்டாள். பதினாறு வருஷமாக நான் "இந்தாங்க"தான்.

இப்போது என் கேள்வி இதுதான். நான் அந்த மத்தியானம் செய்து காட்டியது சுவரையா, ஃபாயிகாவையா? சுவரில் முழங்கை வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் விரிந்த கையை ஒட்டவைத்தது நான்.

"விஸ்ஸா, நீ நல்ல பையன்தானே?"

"என்ன வேணும், நேரா கேளு."

"கொஞ்சம் கரி எடுத்து அந்த வாத்து மேல பூசிடு. ரெண்டே நாள். அந்தம்மா போனதும் தொடைச்சிரு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? நாலு மாசம் என் கண்ணு அவிஞ்சிருக்கு இதைத் தொடைச்சு. அதோட இந்தச் சுவத்தை மொதல்ல தொடைங்கன்னு மூணு வருஷமா லெட்டர் மேல லெட்டர் போட்டது யாருன்னு நினைச்ச? உன் டெல்ஃபின் அம்மாதான். அந்தக் கை எப்படி விரிஞ்சிருக்குன்னு கண்ணால பாக்கணுமாம்."

மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"கதவுப் பூட்டு ரிப்பேர்னு சொன்னா?" என்றேன்.

"சொல்லு. அந்தம்மா பூட்டு சரியாகுற வரைக்கும் வாசல்ல உக்காந்திருக்கும். அதுக்கு முட்டி வேற போயிருச்சு, இதுதான் கடைசிப் பயணம்னு எழுதியிருக்கு. எத்தனை நாள் உக்கார வெப்ப?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த வாத்தின் மேல்தான் என்று வைத்துக்கொண்டேன்.

டெல்ஃபின் சொன்னபடி வந்தார். கூட இருபது பேர். முதல் நாள் காலையில் நைல் கரையில் வரிசையாக மண்டியிட்டு ஆசனம் செய்தார்கள். என்னையும் விஸ்ஸாவையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். டெல்ஃபினுக்கு மட்டும் முட்டிக்குக் கீழே இரண்டு தலையணை. இருபத்தொரு கைகள் ஆற்றைப் பார்த்து உயர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். ட்ரெவர் என்று ஒரு தாடிக்காரப் பையன், யோலாண்டா என்று மஞ்சள் துணி கட்டிய பெண். இரண்டு பேரும் ஏற்கெனவே சண்டையில் இருந்தார்கள். டெல்ஃபின் எங்கள் ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டுவிட்டார். அவர்தான் மொழிபெயர்த்தார்.

"இது வஜ்ராசனம்தானே? நான் மைசூர்ல ஆறு மாசம் இருந்து கத்துக்கிட்டேன். அப்படியே அச்சு அசல்," என்றான் ட்ரெவர்.

"மைசூராவது மண்ணாவது! இங்கேருந்து போனதுதான் அங்க இருக்கு. மிஸ்டர் ஹஸபல்லா, நீங்களே சொல்லுங்க. யாரு மொதல்ல?" என்றாள் யோலாண்டா.

"அம்மா, நான் தொழுகையில ஒரு நாளைக்கு அஞ்சு வேளை இப்படித்தான் மண்டி போட்டு உக்காருறேன். அது எங்கேருந்து வந்துச்சுன்னு என் முட்டியைக் கேட்டா, வலிக்குதுன்னுதான் சொல்லும்."

"எங்க மடத்துச் சாமியாருங்க நூறு தடவை மண்டி போட்டு விழுந்து எந்திரிக்கிறாங்க. கையை விரிச்சுக்கிட்டு ஜெபம் பண்றாங்க. அதையும் உங்க லிஸ்ட்ல போட்டுக்குங்க," என்றான் விஸ்ஸா. அவனுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

எல்லோரும் சிரித்தார்கள். எழுதிக்கொண்டார்கள். இந்தியாவா, எகிப்தா, மடமா, பள்ளிவாசலா என்று படகுத்துறை வரை பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்கோ உள்ளே கொதித்தது. மனிதனுக்கு இருப்பது இரண்டு முட்டி, இரண்டு கை. அதை மடக்கினால் எத்தனை விதமாக மடக்க முடியும்? யாரும் யாரிடமிருந்தும் எடுக்காமலே ஒன்றுபோல் வராதா? இல்லை, எடுத்திருப்பார்களோ? நானே எடுத்தவன்தானே? எனக்கே குழப்பம், இதில் அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். ஃபாயிகா கொல்லையில் மண்டியிட்டு வாத்துக்குத் தீனி கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். வாத்தைத் தொடைக்கு நடுவில் இறுக்கி, வலது கையால் கழுத்தை மேலே நீட்டிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்த இடது கையிலிருக்கிற ஊறிய மொச்சையைத் தொண்டையில் தள்ளுவாள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்படியே சுவரில் இருந்தவன்! நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, வெயில்ல மயக்கமா? மூஞ்சி வெளுத்துப் போச்சு," என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா வந்து உக்காருங்க. மொலோகேயாக் கீரை ஆறுது. அந்த அமெரிக்கா அம்மா வந்திருக்காமே? வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. பதினஞ்சு வருஷமா ரொட்டி குடுத்து விடுறேன், மூஞ்சியைப் பாத்ததில்ல."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாத்துக்கு இறங்கிய அளவுகூட இறங்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கல்லறைக் கதவைத் திறந்தேன். சாவி இரண்டு தடவை தவறியது. டெல்ஃபின்தான் முதலில் நுழைந்தார், ஒரு கையால் மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மற்றவர்கள் பின்னால். விஸ்ஸா விளக்கைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

பின்னால் யாரோ "இது வாத்துதானே?" என்று மெதுவாகக் கேட்டது மட்டும் காதில் விழுந்தது. டெல்ஃபினின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு அசையவே இல்லை. தினமும் விடியலில் தன் பிள்ளையைக் கூப்பிட்ட கை அது. இப்போது அதில் ஒரு வாத்தின் கழுத்து இருக்கிறது. நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

முதலில் யோலாண்டாதான் வாயைத் திறந்தாள். "வாத்துன்னா பூமித் தெய்வம்! தலையில வாத்தோட இருக்குமே! அப்ப இது பூமியைக் கூப்பிடுற ஆசனம். இன்னும் பெரிய விஷயம்!"

"இந்தியாவில அன்னப்பறவை இருக்கு. ஹம்சம். உயிருக்கு, மூச்சுக்கு அதுதான் அடையாளம்னு எங்க வாத்தியார் சொல்வார். உயிரை மேல தூக்குறாரு இவரு," என்றான் ட்ரெவர். முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சி.

டெல்ஃபின் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"ஹஸபல்லா, நீங்க சொல்லுங்க. இவங்க சொல்றது சரியா?"

எவ்வளவு சுலபம்! ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். பூமித் தெய்வம், அன்னம், உயிர், மூச்சு, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைகளே தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். நான் வாயைக்கூடத் திறக்க வேண்டாம். விஸ்ஸாவும் அவன் பங்குக்குத் தலையை ஆட்டிக் காட்டினான், சொல்லிவிடு என்று. என் தலையும் பாதி ஆடிவிட்டது. அப்போது டெல்ஃபின் குனிந்து வலிக்கிற முட்டியைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். முதல் தடவை பொய் சொன்னபோது அவர் கண்ணீரைத் துடைப்பதற்காகச் சொன்னேன். இப்போது சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னதாக ஆகிவிடும்.

"இல்லம்மா. அவன் வாத்துக்குத் தீனி திணிக்கிறான். வேற ஒண்ணுமில்ல. எங்க வீட்டுப் பொம்பளைங்க இன்னைக்கும் அப்படித்தான் செய்றாங்க."

"அப்ப பையனைக் கூப்பிடுறது?"

"அது சுவத்துல இல்ல. எப்பவும் இருந்ததில்ல. என்னை மன்னிச்சிருங்க."

"எங்க இருக்கு?"

"என் வீட்டுல இருக்கு," என்றேன். நான் அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

"கூட்டிட்டுப் போங்க," என்றார்.

மற்றவர்களை விஸ்ஸாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேர் மட்டும் வண்டியில் கிளம்பினோம்.

ஃபாயிகா கொல்லையில்தான் இருந்தாள். தொடைக்கு நடுவே வாத்து, கையில் கழுத்து. விருந்தாளியைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள். டெல்ஃபின் கையைக் காட்டித் தடுத்துவிட்டு, அப்படியே நின்று பார்த்தார். ஒரு வாத்து முடிந்து, இரண்டாவது வாத்தும் முடிகிற வரைக்கும் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு வாத்துக்கறி வேணுமா?" என்று என்னைக் கேட்டாள் ஃபாயிகா.

நான் வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டெல்ஃபினுக்கும் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். அந்த மத்தியானம். லியோனின் படம். நான் மண்டியிட்டது. பிறகு, "வாய்க்கால் கரையில நீ உக்காந்திருந்தியே, அதைத்தான் காட்டினேன். ஷஹாத்தாவைத் தேடினப்ப," என்றேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வந்தது. கரகரவென்று வந்தது.

ஃபாயிகா மடியிலிருந்த மொச்சையை அப்படியே தரையில் தட்டினாள். வாத்துகள் ஓடிவந்தன.

"பதினாறு வருஷம். என்கிட்ட அவன் பேரைச் சொல்லல. நான் சாப்பிட்டேனா, தூங்கினேனான்னு கேக்கல. தண்ணி எடுக்கக்கூட அந்த வாய்க்கால் பக்கம் வரல. அப்படிப்பட்ட மனுஷன், என் அழுகையை எடுத்து ஊரு உலகத்துக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருக்கீங்க!"

"ஃபாயிகா..."

"பேசாதீங்க! அதையும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. கூப்பிட்டேனாம்! தண்ணிக்குள்ள இருக்கிற புள்ளைக்குக் கூப்பிட்டாக் கேக்குமா? எனக்கென்ன அறிவில்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எதுக்குக் கையைத் தூக்கின?"

அவள் என்னை விட்டுவிட்டு டெல்ஃபினைப் பார்த்தாள். ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "கீழேருந்து பாத்தா என் கை தெரியட்டுமேன்னு தூக்கினேன். ஆத்தா எந்தக் கரையில இருக்கான்னு அவனுக்குத் தெரியணும்ல? அதான் விரிச்சு வெச்சேன். இறக்கினா எங்கேன்னு தேடுவான்."

டெல்ஃபின் வாயில் கையை வைத்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். தண்ணீருக்குள் நின்று இரண்டு நாள் அவளைப் பார்த்தவன் நான். அந்தக் கை எதற்கு என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

டெல்ஃபின் மெல்ல, வலியோடு, வாத்து எச்சமும் மொச்சையும் கிடந்த அந்தத் தரையில் மண்டியிட்டார். முஷ்டியை நெஞ்சில் வைத்தார். கையைத் தூக்கினார். ஒரு வாத்து வந்து அவர் முட்டியைக் கொத்தியது. ஃபாயிகா அதை "போ சனியனே" என்று விரட்டிவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்க புள்ள பேரு என்ன?"

"லியோன்."

"எங்க போனான்? தண்ணியிலயா?"

"இல்ல. தூக்கத்துல."

ஃபாயிகா யோசித்தாள். பிறகு டெல்ஃபினின் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் உயர்த்தினாள். "அப்ப இன்னும் மேல தூக்குங்க. தூக்கத்துல போனவனுக்கு வழியே தெரிஞ்சிருக்காது." அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நாளைக்குக் காலையில என்னையும் அங்க கூட்டிட்டுப் போகணும். அத்தனை பேரும் செய்றாங்கன்னா நான் பாக்கணும்."

மறுநாள் விடியலில் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு என்னோடு வந்தாள். நாங்கள் ஈச்சமரத்தடியில் நின்றோம். டெல்ஃபின் முந்தின நாள் மாலையே அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று விஸ்ஸா சொன்னான். அன்னம், பூமித் தெய்வம் எல்லாம் அதோடு அடங்கிப்போய்விட்டதாம். அந்தத் தாடிக்காரப் பையன்தான் அதிகமாக அழுதானாம்.

இருபத்தொரு பேரும் மண்டியிட்டார்கள். முஷ்டிகள் நெஞ்சுக்குப் போயின. கைகள் உயர்ந்தன, முன்பைவிட ஒரு சாண் அதிகமாக. யாரும் கண்ணை மூடவில்லை, எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபின் ஒவ்வொரு பெயராகச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். லியோன் பெயர் வந்தது. இன்னும் யார் யார் பெயரோ வந்தது. பிறகு ஷஹாத்தா என்றார்கள். அந்தப் பெயர் அவர்கள் நாக்கில் சரியாகப் புரளவில்லை. ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். திருத்தலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். ஃபாயிகா என் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அவள் கையைத் தூக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அவர்கள் விரல்களில் ஏறுகிற வரைக்கும் பார்த்தாள். பிறகு முகத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"போலாமா, அபூ ஷஹாத்தா? வாத்துக்குத் தீனி வெக்கணும்," என்றாள்.